திறக்க வேண்டாம் என்று நான் எழுதிய அட்டை

இப்படியான கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. மகள் இப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். ஆனாலும் ஒரு தொழிலை விட்டு வெளியே வந்து, இனி அதற்குள் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவர் எந்த வயதிலும் ஓய்வு பெற்றவர்தான் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எண்ணுவது சரியோ தெரியாது.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஓர் ஏல நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். பழைய ராணுவ ரைபிள்களைப் பார்த்து, சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு என்ன விலை கொடுப்பார்கள் என்று மதிப்பிடுவது என் வேலை. சென்ற மாதம், என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி முதல் மதிப்பீட்டைப் படங்களை வைத்தே செய்யப் போகிறார்களாம். உரிமையாளர் படம் அனுப்பினால் கணினி பழைய ஏலங்களோடு ஒப்பிட்டு ஒரு தொகையைச் சொல்லிவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்காக, கையால் பார்த்த காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். ஜெர்மன் மொழியில் எழுதி அனுப்பினேன். எண்கள், மரம், இரும்பு எல்லாம் அதில் இருந்தன. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கெல்சென்கிர்ச்சனில். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது, இந்த நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்தார்கள். பீங்கான் பிரிவு என்றுதான் சொன்னார்கள். போன பிறகுதான் ஆயுதப் பிரிவில் ஆள் போதாது என்று தெரிந்தது. மறுத்திருக்கலாம். மறுக்கத் தெரியாதவள் நான். சட்டப்படியான தகுதித் தேர்வையும் எழுதித் தேறினேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "பழைய சாமான் விக்கிற இடத்திலை எழுத்து வேலை" என்று சொல்லிவிடுவார். நானும் திருத்தியதில்லை.

ஆயுதப் பிரிவுக்குத் தலைவி திருமதி லோமான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். துப்பாக்கி செய்யும் தொழிலை முறையாகப் பயின்றவர். ஒரு ரைபிளைத் தொடுமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். உலோகம் உலோகத்தில் உரசக் கூடாது என்பதற்காக. எதையும் "அழகு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. அதனாலேயே அவர் பக்கத்தில் நின்றால் எனக்குக் கை வியர்க்கும்.

அவருடைய முதல் விதி ஒன்று இருந்தது. ரைபிளை யார் கையில் எடுத்தாலும் முதலில் போல்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் தண்டை, திறக்க வேண்டும். தோட்டா அறையைப் பார்க்க வேண்டும். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். பிறகு "லேர்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலி என்று பொருள். இன்னொருவரிடம் கொடுத்தால் அவரும் முதலிலிருந்து அதையே செய்ய வேண்டும். உங்கள் கண் முன்னால் செய்ததைத்தான் பார்த்தீர்களே என்ற பேச்சுக்கு இடமில்லை. பயிற்சியின் மூன்றாம் நாள் ஒரே ரைபிளை என்னிடம் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, பிற்பகல் முழுவதும் அதையே செய்தார். ஒன்பதாம் முறை நான் விரலை விடாமல் "லேர்" என்றேன். அவர் ரைபிளை மேசையில் வைத்தார்.

"விரல்?"

"இப்போதுதானே விட்டேன்."

"அது வேறு முறை," என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மூன்று சொற்களை நினைத்துக்கொண்டே போனேன்.

மதிப்பிடுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நானும் அவரும் தனித்தனியாக ரைபிளைப் பார்த்து, ஒரு சிறு தாளில் விலையை எழுதி மடித்து மேசையில் வைப்போம். இருவரும் வைத்த பிறகுதான் பிரிப்போம். இரண்டு எண்ணும் அருகருகே இருந்தால் பேச்சே இல்லை. தூரமாக இருந்தால், "எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார்.

பார்ப்பதற்கு நிறைய உண்டு. ராணுவ ரைபிளில் குழல், போல்ட், அடித்தகடு, சின்னத் திருகாணிவரை ஒரே தொடர் எண்ணோ அதன் கடைசி இரண்டு இலக்கங்களோ பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப் போனால் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கிறது. ஒரு திருகாணி மாறினாலும் விலை இறங்கும். போல்ட் மாறினால் பாதியாகும். மரத்தை யாராவது மினுக்குவதற்காக உரஞ்சியிருந்தால், முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் தெரியும். மற்றது கதை. ஒரு முறை ஒருவர், தன் பாட்டனார் பனியில் நானூறு கிலோமீட்டர் இதைச் சுமந்து வந்தார் என்று கண் கலங்கச் சொன்னார். நான் எழுதிய தொகையைப் பிரித்துப் பார்த்த திருமதி லோமான், "இதில் பனிக்கு எவ்வளவு?" என்று கேட்டார். கடிதமோ படைப்பத்திரமோ இருந்தால்தான் கதைக்கு விலை. நான் சிவந்து போனேன். ஆனால் அந்த மனிதரின் கண்ணீரை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை.

எங்களுடன் சேவியர் அண்ணை வேலை செய்தார். மன்னார்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பொருட்களை ஏற்றி இறக்குவதும், ஏலத்துக்கு முந்திய பார்வை நாளில் நீள மேசைக்குப் பின்னால் நின்று ரைபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்து வாங்குவதும் அவர் வேலை. அவரும் தகுதித் தேர்வு எழுதியவர்.

"உதுக்குப் பயந்துதான் தங்கச்சி கடல் கடந்து வந்தனான். இஞ்சை வந்து உதுக்கே துணியாலை முகம் துடைச்சு விடுறன்," என்பார்.

"பயமில்லையோ அண்ணை உங்களுக்கு?"

"வெறும் துவக்குக்கு என்ன பயம்? தடி மாதிரித்தானே. உனக்கேன் கை நடுங்குது?"

எனக்கு நடுங்கத்தான் செய்தது. மகள் பிறந்து பத்து மாதத்தில் வேலைக்குத் திரும்பிய பிறகு இன்னும் கூடியது. பழைய எண்ணெயில் ஈயம் இருக்குமோ என்று முழங்கைவரை மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். ஆயுத அறையைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை வீட்டிலிருந்து திருமதி லோமானை அழைத்திருக்கிறேன். இரண்டு தடவையும் பூட்டித்தான் இருந்தது. இரண்டாம் தடவை அவர், "உங்கள் கையை நீங்கள் நம்பலாம்," என்றார். கனிவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எதற்கும் அழைக்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை எட்டு ரைபிள்கள் வந்தன. சேகரிப்பாளர் ஒருவர் இறந்துபோக, அவர் மனைவி திருமதி கெசிங் எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை பார்வை நாள். நேரம் குறைவு. ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு மங்கல் நிற அட்டை எழுதி, நூலால் விசைக்கூட்டில் கட்ட வேண்டும். அட்டையின் முதல் வரியில் ஒரு சின்னப் பெட்டி. "காலி, சோதிக்கப்பட்டது" என்று இருக்கும். அதில் புள்ளடி போட்டுப் பக்கத்தில் பெயரெழுத்தை இட வேண்டும்.

அன்று காலை மகள் மூக்கொழுக, காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். எந்த நேரமும் அழைப்பார்கள் என்று தெரியும். மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உதவும் என்று நினைத்து, ரைபிள்கள் பெட்டியிலிருந்து இறங்குமுன்பே எட்டு அட்டைகளிலும் முதல் வரியை நிரப்பிவிட்டேன். எட்டுப் புள்ளடி. எட்டுப் பெயரெழுத்து. எப்படியும் சோதிக்கத்தானே போகிறேன் என்ற எண்ணம். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டு முறை செய்திருந்தேன்.

ஏழாவது ரைபிள், சேகரிப்பாளர்கள் சுருக்கமாகத் 'தொண்ணூற்றெட்டு' என்று சொல்லும் வகை. முதல் உலகப்போரில் ஜெர்மன் படைகள் வைத்திருந்தது. வெளியே தெரிந்த எண்கள் அத்தனையும் ஒத்துப் போயின. மரத்தில் உரஞ்சலே இல்லை. போல்டைச் சுற்றிப் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய பழைய கிரீஸ், கருஞ்சிவப்பாக, மெழுகு போல இறுகியிருந்தது. கை வைத்தபோது, ரைபிள்களோடு கூடவே வந்து சுவரோரம் கதிரையில் இருந்த திருமதி கெசிங் எழுந்தார்.

"அதைத் திறக்காதீர்கள். என் கணவர் வாங்கிய நாளிலிருந்து ஒரு தரமும் திறக்கவில்லை. விற்றவரிடமும் அப்படியே இருந்ததாம். கிரீஸ் கலையாமல் இருப்பதுதான் அதன் பெறுமதி என்பார்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அப்படி ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் முண்டியடிப்பார்கள். இப்படியானவற்றுக்கென்றே வேறு ஒரு முறை வைத்திருந்தோம். மெல்லிய மரக்குச்சியைக் குழல் வாயிலிருந்து உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று அடையாளமிட்டு, வெளியே குழலோடு வைத்து அளக்க வேண்டும். போல்டின் முகம்வரை போனால் காலி. குச்சி சுவரில் கொளுவியிருந்தது. அதை எடுக்கத் திரும்பினேனா? திரும்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது கைபேசி அடித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வரும்படி காப்பகத்திலிருந்து. படங்களை ஏற்கெனவே எடுத்திருந்தேன். அட்டையின் கடைசி வரியில், "மூலக் கிரீஸ் கலையாதது. போல்டைத் திறக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, கட்டி, என் தொகையை மடித்து வைத்துவிட்டு ஓடினேன். எட்டாவது ரைபிளைத் திருமதி லோமான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெள்ளி விடுப்பு. சனி காலை காய்ச்சல் மறுபடி ஏறியது. நானும் கணவர் ரமணனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார இறுதி அவசர மருத்துவரிடம் போனோம். வரவேற்பில் ஒரு படிவம் தந்தார்கள். ஒவ்வாமை உண்டா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று கேள்விகள். நான் இல்லை, இல்லை, இல்லை என்று புள்ளடி போட்டுக்கொண்டு போனேன்.

"வாசிக்காமலே போடுறாய்," என்றார் ரமணன்.

"எல்லாத்துக்கும் இல்லைதானே."

"மூண்டாவது, தடுப்பூசி போட்டாச்சோ எண்டு கேக்குது. அதுக்கும் இல்லையெண்டு போட்டிருக்கிறாய்."

என் கை பேனாவோடு அப்படியே நின்றது. எட்டு அட்டைகளும் கண்ணுக்குள் வந்தன. ஒன்றிலிருந்து ஆறுவரை போல்ட் திறந்ததும், விரலில் எண்ணெய் பட்டதும், "லேர்" என்று சொன்னதும் நினைவில் இருந்தன. ஏழாவதுக்கு ஒன்றுமே இல்லை. குச்சியின் மரம் கையில் பட்ட நினைவு இல்லை. புள்ளடி மட்டும் இருந்தது.

அதோடு கடைசி வரியும் இருந்தது. மேசைக்கு வரும் எந்த ரைபிளையும் சேவியர் அண்ணை திறந்து பார்த்துத்தான் கொடுப்பார். இதைத் திறக்க மாட்டார். திறக்க வேண்டாம் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்.

ரமணனிடம் சொன்னேன். அவர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அடுப்பு நிப்பாட்டினதோ எண்டு பாக்க விமான நிலையத்தாலை திரும்பி வந்த ஆள் நீ. நிப்பாட்டித்தானே இருந்தது?"

"ஓம்."

"நூறு வருசத்துப் பழசு. அதுக்குள்ளை ஆர் வெடியை வைச்சிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இது என் வழக்கமான பயம். போய் நின்றால் மூன்றாம் முறையாகச் சிரிப்புக்கிடமாவேன். அதற்காகக் காய்ச்சல் பிள்ளையை விட்டுப் போகிற தாய் எப்படிப்பட்டவள்? சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். பார்வை பத்து மணிக்குத் தொடங்கும். பார்வை நாட்களில் ஊழியர் கைபேசிகளை அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். திருமதி லோமானின் கைபேசி அடித்து ஓய்ந்தது. அலுவலகத் தொலைபேசியில் பதிவுக்குரல், பார்வை நேரத்தைச் சொன்னது.

"போறதெண்டால் போ. நான் பிள்ளையோடை நிக்கிறன். காரை மெதுவாய் ஓடு," என்றார் ரமணன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

அந்த அரை மணி நேரப் பாதை எனக்கு நினைவில்லை. பிள்ளை பின்னால் அழுவது போலவே கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் வெற்று இருக்கை.

மண்டபத்தில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் சேவியர் அண்ணை, கையில் பருத்தி உறை. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணை தூக்கிக்கொண்டிருந்த ரைபிளில் கருஞ்சிவப்புக் கிரீஸ் தெரிந்தது.

"அண்ணை! அதைக் குடுக்காதேங்கோ!"

தமிழில் கத்திவிட்டேன். மண்டபம் முழுவதும் திரும்பியது. சேவியர் அண்ணை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரைபிளைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்து, கைகளை எடுத்து, பச்சைச் சட்டைக்காரரை விலகும்படி சைகை காட்டினார். பிறகுதான், "என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறாய்?" என்றார்.

திருமதி லோமான் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்கள் பெயரெழுத்தா?"

"ஆம்."

"குச்சியால் அளந்தீர்களா?"

"அளந்ததாக நினைவில்லை."

"அப்படியென்றால் அளக்கவில்லை," என்றார். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினார்.

குச்சி வந்தது. குழலுக்குப் பக்கவாட்டில் நின்றபடி அதை மெல்ல உள்ளே விட்டார். அது ஓர் இடத்தில் நின்றது. விரல் நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்துப் பார்த்தார். போல்டின் முகத்துக்கு எட்டவில்லை. நடுவிரல் நீளத்துக்குக் குறைந்தது.

"கிரீஸ் கட்டியாகவும் இருக்கலாம்," என்றேன். அப்படி இருக்க வேண்டும் என்று கெஞ்சுவது போல அது கேட்டது.

அவர் மண்டபத்திலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னார். ரைபிளைத் தானே தூக்கிப் பின்னறைக்குக் கொண்டு போனார். அங்கே மணல் நிரப்பிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. குழலை அதற்குள் விட்டுத்தான் சந்தேகமானவற்றைத் திறப்போம். என்னையும் அண்ணையையும் இரும்புக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார். கதவில் கம்பிவலைக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். திறக்குமுன் அவர் போல்டைக் கேமராவால் ஒரு படம் எடுத்தார்.

போல்ட் முதலில் அசையவில்லை. உள்ளங்கையால் மேல்நோக்கித் தட்டினார். பிறகு கிரீஸ் நூலாக இழுபட, அது பின்னால் வந்தது. அதோடு ஒரு தோட்டாவும் வந்தது. பித்தளை பச்சை பூத்திருந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து மணலின் மேல் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

சேவியர் அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"சரி, சரி. வெளியிலை வந்திட்டுதுதானே. இரு தங்கச்சி, தண்ணி கொண்டு வாறன்."

"நான் வர முந்தி ஆரும் எடுத்துப் பாத்தவையோ?"

"ரெண்டு பேர். ஒராள் சும்மா தூக்கிப் பாத்திட்டு வைச்சிட்டார். மற்றவன் விசையை இழுத்துப் பாத்தவன், எல்லாரும் இழுக்கிறமாதிரி. 'டொக்' எண்டு ஒரு சின்னச் சத்தம். கிரீஸ் இறுகிப்போய்க் கிடக்குது, அதுதான் எண்டு சொன்னவன்."

விசையின் இழுப்பு எப்படி என்று பார்க்காமல் எந்தச் சேகரிப்பாளரும் ரைபிளைக் கீழே வைப்பதில்லை. அதற்காகத்தான் காலி என்று உறுதி செய்கிறோம்.

போலீஸ் வந்து தோட்டாவை எடுத்துச் சென்றது. அதற்கு முன் திருமதி லோமான் உருப்பெருக்கியை என்னிடம் தந்தார். தோட்டாவின் அடியில், நடுவே, அடி பட்டதும் தீப்பற்றும் செப்பு வட்டத்தில் ஒரு பள்ளம். மிகச் சிறியது. ரொட்டி மாவில் நகத்தால் ஒற்றினால் வருவதைவிடவும் ஆழம் குறைந்தது.

"பழையதாக இருக்கலாம்," என்றார் அவர். "எப்போதோ அடித்து, வெடிக்காமல் போய், அப்படியே மறந்திருக்கலாம்."

பிள்ளைக்குக் காதில் கிருமி, மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று ரமணன் செய்தி அனுப்பியிருந்தார். ஞாயிறு முழுவதும் அவளைத் தோளைவிட்டு இறக்கவில்லை. பள்ளம் பழையது, பழையது என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்தோம். திருமதி லோமான் தன் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டினார். அட்டையின் முதல் வரியையும் கடைசி வரியையும் வெள்ளியன்று தான் படித்ததாகவும், குச்சியால் நான் அளந்திருப்பேன் என்று எண்ணிச் சோதிக்காமல் கையெழுத்திட்டதாகவும் எழுதியிருந்தார். ஒரு காரணமும் சொல்லவில்லை. பிறகு என் வியாழக்கிழமைப் படங்களைத் திரையில் போட்டார்.

அந்த வகை ரைபிளில் போல்டின் பின்னால் ஓர் இரும்பு முனை இருக்கும். அடிக்கும் ஊசி பின்னுக்கு இழுபட்டு ஆயத்தமாக நிற்கும்போது அந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விசையை இழுத்து ஊசி முன்னே பாய்ந்ததும் முனை உள்ளே போய்விடும். எந்தப் பயிலுனருக்கும் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. என் படத்தில் முனை வெளியே நின்றது. சனிக்கிழமை போலீஸ் வருமுன், போல்டைத் திறப்பதற்கு முன்னால், திருமதி லோமான் எடுத்த படத்தில் அது உள்ளே இருந்தது.

ஊசி சனிக்கிழமைதான் பாய்ந்திருக்கிறது. இறுகிய கிரீஸுக்குள்ளால் போனதால் வேகம் இழந்து, செப்பில் மெல்லத் தொட்டு நின்றுவிட்டது. கிரீஸ் கொஞ்சம் இளகியிருந்தால் என்று நான் யோசித்தேன். அவரும் அதைத்தான் யோசித்திருப்பார்.

"சேவியருக்குச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியவில்லை," என்றார். ஏழு ஆண்டுகளில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நான் யோசித்தேன். சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியானது. எனக்கு வசதியானது என்பதாலேயே அது பிழை என்று பட்டது. கடமை என்று நான் வாழ்க்கையில் செய்த பலவற்றையும் இப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன்.

சேவியர் அண்ணை பொதி கட்டும் அறையில் தேநீர்க் கோப்பைகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். படங்களை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அந்த டொக் எண்ட சத்தம்," என்றார்.

"ஓம் அண்ணை."

"அதுதானோ?"

"அதுதான். விசையை இழுத்தவர் எந்தப் பக்கம் பாத்துப் பிடிச்சவர் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"நான் குனிஞ்சு அடுத்த அட்டையிலை நம்பர் பாத்துக்கொண்டு நிண்டனான்." கண்ணாடியைக் கழற்றினார். "நிமிரேக்கை குழல் என்ரை பக்கந்தான் இருந்தது."

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. அவர் ஒரு கோப்பையை எடுத்து, பாதி சுற்றி, நிறுத்தினார்.

"தங்கச்சி, நீ இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு நினைச்சன் அண்ணை."

"தெரிஞ்சு நான் என்ன செய்யிறது? சனிக்கிழமை பின்னேரம் வீட்டை போனனான். மனுசி நண்டுக் கறி வைச்சிருந்தவ. சாப்பிட்டிட்டு நல்ல நித்திரை கொண்டனான். இனி அந்தச் சனிக்கிழமையும் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உதவுவதற்காக நான் ஒரு கோப்பையைக் கையில் எடுத்தேன். அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

மாத முடிவில் விலகல் கடிதம் கொடுத்தேன். நிறுவனம் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்ததோடு விட்டிருந்தது. திருமதி லோமான் இருக்கும்படி சொன்னார். ஆனால் ஒரு ரைபிளுக்கு நான்கு தரம், ஐந்து தரம் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "லேர்" என்று சொல்லிவிட்டு, சொன்னேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விலை எழுத மனம் வரவேயில்லை. சேவியர் அண்ணை அதற்கு முன்பே தளபாடப் பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் போயிருந்தார். அந்த நீள மேசைக்குப் பின்னால் அவர் பிறகு நிற்கவில்லை.

அவரை இப்போதும் தமிழ்க் கடையில், கோயில் திருவிழாவில் காண்பதுண்டு. பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். ரமணனோடு உதைபந்தாட்டம் பற்றிக் கதைப்பார். பழையபடி என்னைக் கேலியும் செய்வார். ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். நான் நேர் எதிரே வந்து நின்றால், பேச்சை நிறுத்தாமலே ஓர் அடி பக்கவாட்டில் விலகி நிற்கிறார். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.